பதினேழாம் இடத்தில் எத்தனை பேர்: மொர்வான் ஏரிக்கரை காம்பிங்கில் மூன்று வாரம்

2018 யூன் மாதம் என் புவியியல் பட்டப்படிப்பு முடிந்தது. மேற்படிப்பு செப்ரெம்பரில்தான் தொடங்கும். இடையில் இரண்டு மாதம் இருந்தது, கையில் காசு இருக்கவில்லை. கூடப் படித்தவர்கள் போர்த்துக்கல், கிரேக்கம் என்று புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பல்கலைக்கழக அறிவித்தல் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். மொர்வான் இயற்கைப் பூங்காவுக்குள், ஏரிக்கரை ஒன்றில், ஒரு சிறிய ஊரின் நகரசபை நடத்தும், கூடாரமடித்துத் தங்குகிற காம்பிங்குக்கு ஓகஸ்ட் மாதத்தில் மூன்று வாரம் தொண்டாக நின்று, வருகிறவர்களை வரவேற்க ஆள் தேவை. சம்பளம் இல்லை. தங்குவதற்கு ஒரு கரவன் வண்டி, சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு 12 யூரோ, ரெயில் செலவு திருப்பித் தரப்படும்.

அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்களில் இப்படித் தொண்டர்கள் மாதக்கணக்காக காம்பிங்கிலேயே தங்கி, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்வது பெரிய வழக்கமாம். பிரான்ஸில் குறைவு, ஆனால் தேடினால் கிடைக்கும். அப்படிப் போக நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அறிவித்தலின் கடைசி வரி, "மனிதர்களோடு பேசப் பிடித்தவராக இருக்க வேண்டும்." மூன்று வருடம் விரிவுரை மண்டபத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் பட்டம் எடுத்தவள் நான். அந்த வரியை மட்டும் வாசிக்காததுபோல விட்டுவிட்டு விண்ணப்பித்தேன். தொலைபேசி இலக்கமும் கொடுத்திருந்தார்கள். நான் மின்னஞ்சல்தான் அனுப்பினேன்.

வீட்டில் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடையில் மரக்கறிப் பகுதியைப் பார்க்கிறார்.

"படிச்சு முடிச்சுப்போட்டு மகள் கக்கூஸ் பார்க்கப் போறா எண்டு கடையிலை சொல்லவோ?" என்றார்.

"சம்பளமும் இல்லையாம்," என்று அம்மா சேர்த்துவிட்டார்.

பூங்காவின் வரைபடத்தை மேசையில் விரித்து இரண்டு நாள் விளங்கப்படுத்தினேன். மூன்றாம் நாள் அப்பா கடையில், "மகள் ஒரு பெரிய பார்க்குக்குப் பொறுப்பாப் போறா," என்று சொல்லத் தொடங்கியிருந்தார். லா சப்பலில் வெண்டிக்காய் வாங்குகிற காதுகளுக்கு ஒரு செய்தி போனால் அது எங்கெங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 4, சனிக்கிழமை. லா சப்பலில் காலை 6.40க்கு மெற்றோ இரண்டாம் இலக்கம், நாசியோனில் இறங்கி ஆறாம் இலக்கம் பிடித்து பெர்சி. மொத்தம் 35 நிமிடம். பெர்சி நிலையத்திலிருந்து 7.40க்கு வட்டார ரெயில். இளையோர் அட்டையுடன் 24 யூரோ. அவலோன் போய்ச் சேர 10.32 ஆயிற்று. இடையில் யோன் ஆறு ரெயிலுக்குப் பக்கத்திலேயே நெடுநேரம் வரும், இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவலோனிலிருந்து காம்பிங் 32 கிலோமீற்றர். பஸ்ஸை நம்பிப் போகாதீர்கள். முதல் நாளே அழைத்துப் பதிய வேண்டும், சனிக்கிழமை ஓடாது.

என்னை ஏற்ற திதியே என்பவர் வந்திருந்தார். நகரசபை ஊழியர், காம்பிங்குக்குப் பொறுப்பானவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டி முழுக்கத் தோட்டக் குழாயும் கழிப்பறைத் தாளும். முதல் பதினைந்து கிலோமீற்றர் நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பிறகு அவர், "நல்லது. போன வருடம் வந்த பையன் பேச்சை நிறுத்தவே இல்லை," என்றார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

காம்பிங் சின்னது. 42 இடங்கள், ஒரு கழுவும் கட்டடம், வாசலில் மரத்தாலான ஒரு வரவேற்புக் குடில், சுற்றிவர ஊசியிலை மரங்கள், அதற்குக் கீழே ஏரி. ஏரியை நடந்து சுற்ற 11 கிலோமீற்றர். கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை குடிலின் பின்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றால் மட்டும் வரும். அங்கே நின்றுதான் நான் தினமும் அம்மாவுக்கு "சாப்பிட்டேன்" என்று சொல்வேன்.

வேலை இதுதான். காலை 8.10க்கு ஊர்ப் பேக்கரியிலிருந்து பாண்காரர் வண்டியில் வருவார். முதல் நாள் மாலை எழுதிக்கொண்டபடி பாணைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். 8.30 முதல் 12 வரையும், 3 முதல் 7 வரையும் குடிலில் இருக்க வேண்டும். கழுவும் கட்டடத்தைத் துப்புரவாக்க ஒரு பெண் வருவார், ஆகவே அப்பா பயந்தது நடக்கவில்லை. தாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் என் பொறுப்பு. மாலை 7.30க்கு ஒரு சுற்று: எல்லா இடங்களுக்கும் போய், வணக்கம் சொல்லி, நாளைக்கு எத்தனை பாண் என்று கேட்டு, தரையில் நெருப்பு மூட்டியிருந்தால் அணைக்கச் சொல்லி வர வேண்டும்.

அந்தச் சுற்றுத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மாலை ஒவ்வொரு கூடாரத்துக்கு முன்னாலும் நின்று, உள்ளே இருப்பவர்கள் தாமாகவே என்னைக் கண்டு வெளியே வரும்வரை காத்திருந்தேன். சுற்று முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஒன்பதாம் இடத்து ஒல்லாந்துக் கிழவர் கடைசியில், "நீங்கள் கூச்சப்பட்டால் நாங்களும் கூச்சப்பட வேண்டியிருக்கிறது, இந்தாருங்கள்," என்று ஒரு கிண்ணம் செர்ரிப்பழம் தந்தார். ஒரு கிழமைக்குள் சுற்று 50 நிமிடமானது. பாண் என்ற ஒரு கேள்வி கையில் இருந்தால் யாரோடும் பேச்சைத் தொடங்கலாம் என்று கண்டுபிடித்தேன்.

இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக் குடிலில் தொங்கவிட வேண்டும். திதியே இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். "இங்கே புயல் மலைக்குப் பின்னாலிருந்து சொல்லாமல் வரும். மரங்கள் வயதானவை. நான் விசில் ஊதினால் எல்லோரும் மேலே ஊர் மண்டபத்துக்கு நடப்பார்கள், 600 மீற்றர். நீ அந்தத் தாளைக் கொண்டுவந்து ஆட்களை எண்ணு. தாளில் உள்ளவர்கள் வந்துவிட்டால் நான் கதவைப் பூட்டுவேன்."

இரண்டாம் செவ்வாய்க்கிழமை மதியம் 3.15க்குச் சாம்பல் நிற ஏழு இருக்கை வண்டி ஒன்று குடிலுக்கு முன்னால் நின்றது. கண்ணாடி இறங்க முதலே நாதஸ்வரம் கேட்டது. அடுத்த நாள் விடுமுறை என்பதால் பரிஸ் புறநகரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து புறப்பட்டு வந்த தயா அண்ணை, அவர் மனைவி வனிதா அக்கா, மூன்று பெண்பிள்ளைகள். பெயர்களையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவர்களிடம் கேட்டும் இருக்கிறேன்.

"லா சப்பல்லை மரக்கறிக்கடை அண்ணையின்ரை மகளெல்லோ? உம்மை நம்பித்தான் வந்தனாங்கள்," என்றார் தயா அண்ணை. "இந்தப் பார்க் முழுக்க உம்மடை பொறுப்பாமே?"

"இல்லை அண்ணை. இந்தக் குடிலும் பாணும்தான்."

"பரவாயில்லை, அப்பிடித்தான் தொடங்கும்."

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பெரியவர்கள் காம்பிங்கிலும் ஹோட்டலிலும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். சட்டம் அது. படிவத்தின் தலைப்பிலேயே "பொலிஸ்" என்ற சொல் இருக்கிறது. தயா அண்ணையிடம் பத்து வருட வதிவிட அட்டை இருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தலைப்பை வாசித்ததும் அவருடைய சிரிப்பு நின்றது. வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"எத்தனை பேர் அண்ணை?"

"அஞ்சு. நானும் மனிசியும் மூண்டு பிள்ளையளும்."

வண்டியின் கடைசி இருக்கையில் தொப்பி போட்ட ஒருவர் இருந்தார். நான் பார்த்ததும் சப்பாத்துக் கட்டுவதுபோலக் குனிந்தார். நிமிரவே இல்லை.

அந்தக் குனிவு எனக்குப் புதியதல்ல. 2009க்குப் பிறகு எங்கள் வீட்டு வரவேற்பறையில் வந்து படுத்து எழும்பிய, வதிவிடப் பேப்பர் இல்லாதவர்கள், கதவு மணி அடித்தால் அப்படித்தான் சுவரோடு ஒதுங்குவார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பதினேழாம் இடம், ஐந்து பேர் என்று படிவத்திலும் எண்ணிக்கைத் தாளிலும் எழுதினேன்.

அன்று மாலைச் சுற்றில் பதினேழாம் இடத்தில் ஆறு தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடுத்த நாள் மதியம் வனிதா அக்கா குடிலுக்குப் புட்டும் இறால் குழம்பும் கொண்டுவந்தார். "பாணைத் திண்டு திண்டு மெலிஞ்சு போனீர்," என்றார். நான் அங்கே போய் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது, ஒரு கிலோ கூடியிருந்தேன். சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கழுவும் கட்டடத்துக்குப் போனபோது தொப்பிக்காரர் அங்கே தனியாக நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பெரிய சட்டி கீழே, அதற்கு மேல் நடுத்தரம், அதற்கு மேல் சிறியது, எல்லாம் ஒரே திசையில் கவிழ்த்து. அவ்வளவு ஒழுங்காகப் பாத்திரம் அடுக்கி நான் கண்டதில்லை.

"ரெஸ்ரோறன் வேலைப் பழக்கம்," என்று சிரித்தார். அவர் வனிதா அக்காவின் தம்பி, நேசன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அகதி விண்ணப்பம் இரண்டு தடவை மறுக்கப்பட்டுவிட்டது என்று பிறகு அறிந்தேன். பிரான்ஸுக்கு வந்து ஆறு வருடத்தில் பரிஸையும் அதன் புறநகரையும் தாண்டியது இதுதான் முதல் தடவையாம்.

என் கையிலிருந்த சட்டியையும் வாங்கிக் கழுவினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் இஞ்சை இல்லை, பிள்ளை. சரியோ?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

எண்ணிக்கைத் தாளில் ஐந்தை ஆறாக மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் மாற்றினால் ஆறாவது ஆளின் படிவம் எங்கே என்று திதியே கேட்பாரோ? கேட்டால் நான் என்ன சொல்வேன்? என்னை நம்பி வந்தோம் என்றவர்கள் திரும்பிப் போய்க் கடையில் அப்பாவின் முகத்தை எப்படிப் பார்ப்பார்கள்? அன்று மாலை பேனையை எடுத்தேன், வைத்தேன். சனிக்கிழமை காலை போய்விடுவார்கள், நாலு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் காற்றே இல்லை. ஏரி எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. 4.40க்கு நகரசபையிலிருந்து செம்மஞ்சள் புயல் எச்சரிக்கை வந்தது. 4.45க்கு மலைக்கு மேல் வானம் கத்தரிக்காய் நிறமாகியிருந்தது. திதியே விசில் ஊதினார். நான் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கூடாரம் கூடாரமாக ஓடினேன். "மண்டபத்துக்கு, மண்டபத்துக்கு!" அன்று யாரும் வெளியே வரும்வரை நான் காத்து நிற்கவில்லை.

5.05க்கு மண்டபத்துக்குள் நூற்றுச் சொச்சம் பேர், நாய்கள் நான்கு. முதல் ஆலங்கட்டி கூரையில் விழுந்தபோது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஊரின் தொண்டர் தீயணைப்புப் படையினர் இரண்டு சிவப்பு வண்டிகளில் வந்துவிட்டார்கள். அவர்களுடைய தலைவரைப் பார்த்து ஒரு கணம் விழித்தேன். தினமும் எனக்குப் பாண் தருகிறவர்! சிறிய ஊர்களில் இப்படித்தான், காலையில் பாண்காரர், அவசரத்தில் பொம்பியே, அதாவது தீயணைப்பாளர். கருநீலச் சீருடையில் ஆளே வேறாகத் தெரிந்தார்.

சத்தம் சற்றுக் குறைந்ததும் நான் ஒவ்வோர் இடமாக வாசித்தேன். பதினைந்து, மூன்று பேர். பதினாறு, இரண்டு பேர். "பதினேழு, ஐந்து பேர்."

"ஓம், அஞ்சு," என்றார் தயா அண்ணை. அவருடைய கண் சீருடைகளில் இருந்தது. அவருக்குப் பின்னால் வனிதா அக்கா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். கைத்தொலைபேசியைக் காதில் வைப்பதும் எடுத்துப் பார்ப்பதுமாக இருந்தார். நேசன் அண்ணை அங்கே இல்லை.

மற்ற இடங்களையும் வாசித்து முடித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தாளின்படி எல்லோரும் உள்ளே இருந்தார்கள்.

"எண்ணிக்கை முழுமையா?" என்று திதியே கேட்டார். கதவின் கைப்பிடி அவர் கையில் இருந்தது.

எனக்கு முன்னால் நூறு முகங்கள். "இல்லை," என்றேன். கேட்கவில்லை போலும். "இல்லை!" என்று கத்தினேன். "பதினேழில் ஆறு பேர். நான் பிழையாக எழுதிவிட்டேன். ஒருவர் வெளியே இருக்கிறார்."

தயா அண்ணை எனக்குப் பக்கத்தில் வந்து, "என்ன வேலை பிள்ளை பாத்தீர்?" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அண்ணை, அவர் எங்கை?"

பேசியது மூத்த மகள் ஆரணி, பதின்மூன்று வயது. தாய் கையைப் பிடித்து இழுக்க இழுக்க, பாண்காரருக்கு முன்னால் போய் நின்று பிரெஞ்சில் சொன்னாள்: மாமா சாப்பிட்டுவிட்டு அணைக்கட்டுப் பக்கம் மீன் பிடிக்கப் போனார், பச்சை மேலங்கி, அவருக்கு நீந்தத் தெரியாது.

ஆலங்கட்டி ஐந்து நிமிடத்தில் நின்றது. காற்று நிற்கவில்லை. ஒரு வண்டி ஏரியைச் சுற்றிப் புறப்பட்டது. இருபது நிமிடம் கழித்து வெறுமையாகத் திரும்பியது. அணைக்கட்டுக்கு அருகே தூண்டில் கிடக்கிறது, மரங்களுக்கிடையில் ஒருவர் ஓடியதுபோல இருந்தது, கூப்பிட்டோம், வரவில்லை என்றார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒரு வண்டி, மேலே நீல விளக்குச் சுழல்கிறது, இறங்குகிறவர்கள் கருநீலச் சீருடை. நேசன் அண்ணை யாரிடமிருந்து ஒளிகிறார் என்று அந்த மண்டபத்தில் ஆறு பேருக்கு மட்டும் தெரியும். வயதான மரங்கள் முறிந்துகொண்டிருந்த காட்டுக்குள், தன்னைக் காப்பாற்ற வந்தவர்களிடமிருந்து அவர் இன்னும் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

"அவர் உங்களைப் பொலிஸ் என்று நினைக்கிறார்," என்றேன் பாண்காரரிடம்.

அவர் தன் சீருடையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அப்படியானால் நீ வா," என்றார்.

5.40க்கு அணைக்கட்டில் நின்றோம். வண்டியை விட்டு இறங்கி மரங்களுக்குள் போக என்னை விடவில்லை. நீல விளக்கை அணைத்துவிட்டு, வண்டியில் இருந்த ஒலிபெருக்கியைக் கையில் தந்தார்கள். எதிர்க்கரையில் எங்கோ ஒரு மரம் முறியும் சத்தம் கேட்டது. நான் பொத்தானை அழுத்தினேன்.

"நேசன் அண்ணை!" என் குரல் ஏரியைக் கடந்து போய்த் திரும்பி வந்தது. அது என் குரல் என்று எனக்கே நம்ப முடியவில்லை. "இது பொலிஸ் இல்லை! பொம்பியே! பொம்பியே அண்ணை! வெளியிலை வாங்கோ!"

ஒன்றும் அசையவில்லை.

"வனிதா அக்கா அழுதுகொண்டு நிக்கிறா! ஒருத்தரும் பேப்பர் கேக்கமாட்டினம்!" இந்த இரண்டாவதை நான் யாரைக் கேட்டுச் சொன்னேன்? ஒருவரையும் இல்லை. பாண்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் தலையை ஆட்டி, தொடர்ந்து பேசு என்று கை காட்டினார்.

இனி என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒலிபெருக்கி கையில் இரைந்துகொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "அண்ணை, தேத்தண்ணி போட்டு வச்சிருக்கு! ஆறப் போகுது!"

அது பொய். மண்டபத்தில் யாரும் தண்ணீர்கூடக் கொதிக்க வைத்திருக்கவில்லை.

இரண்டு நிமிடமாவது போயிருக்கும். அணைக்கட்டுக்கு மேலே, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த திசையில் இல்லாமல் எங்களுக்குப் பின்னால், பன்னச்செடிப் புதருக்குள்ளிருந்து பச்சை மேலங்கி எழும்பியது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு வந்தார். பாண்காரர் போய் அந்தக் கைகளைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார். வெள்ளித்தாள் போர்வையால் சுற்றினார். குளிர்கிறதா, எங்காவது அடிபட்டதா என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

வண்டியில் பல் கிடுகிடுக்க நேசன் அண்ணை சொன்னார்: "பொம்பியே எண்டதை நான் நம்பேல்லை, பிள்ளை. பொலிசும் தமிழ் ஆளைப் பிடிச்சுக் கொண்டுவந்து கூப்பிடுவிக்கும். ஆனா தேத்தண்ணி ஆறுது எண்டு சொல்ல பொலிசுக்கு வராது."

மண்டபத்துக்குள் வந்ததும் வனிதா அக்கா தம்பியின் முதுகில் இரண்டு அடி வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார். நான் அவருடைய காதில், "அக்கா, தேத்தண்ணி இருக்கெண்டு சொல்லிப்போட்டன்," என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துச் சமையலறைக்குள் போனார். அரை மணி நேரத்தில் நூறு பேருக்கும் இஞ்சி போட்ட பால் தேத்தண்ணி வந்தது. ஒல்லாந்துக் கிழவர் மூன்று தடவை வாங்கினார்.

காற்று ஓய்ந்து 8 மணிக்குக் கீழே போனபோது பதினேழாம் இடத்துச் சமையல் கூடாரத்தின் மேல் என் இடுப்பளவு தடிமனான ஒரு கிளை கிடந்தது. தயா அண்ணை அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அடுத்த நாள் காலை பாண் எடுக்க அவரே வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "கோவம் வந்தது, பிள்ளை. அதை மறைக்கேல்லை," என்றார். "நீர் வாய் திறந்ததும் அவன் போனான், இனிப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள் எண்டுதான் நினைச்சன்." பாணைத் தடவிக்கொண்டே கேட்டார், "அவனை அங்கை விட்டிட்டு நாங்கள் கதவைப் பூட்டப் பாத்தம், என்ன?"

"நானும்தான் அண்ணை. நான் முதல் நாளே கண்டனான்."

"அந்தத் தாள் எங்கை போகும்?"

உண்மையைச் சொன்னேன். பொலிஸ் என்று எழுதிய படிவத்தை ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும், அவர்கள் கேட்டால் கொடுக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கைத் தாள் எங்கும் போகாது, கிழமை முடியக் கிழித்துப்போடுவோம். இரண்டும் ஒன்றென்று அவர் நினைத்திருந்தார். வேறு வேறென்று நான் சொல்லியிருக்கவும் இல்லை. வாயைத் திறந்து அந்த ஒரு வசனத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் போதும்.

ஆறாவது ஆளின் படிவத்தைத் திதியே கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று அவரிடம் ஒன்று கேட்டேன், அவர் சம்மதித்தார். எண்ணிக்கைத் தாளைக் குடிலுக்குள் இருந்து எடுத்து வெளிச்சுவரில் மாட்டினோம். பெயருக்கு அதில் இடமே இல்லை. இட இலக்கம், அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம். வருகிறவர்களே தங்கள் கையால் எழுதுவார்கள். படிவம் அதற்குப் பிறகுதான்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இப்படியான தொண்டு இடங்களுக்கு மாசி, பங்குனியில் விசாரியுங்கள். பூங்கா அலுவலகங்களுக்கும் ஏரிக்கரை நகரசபைகளுக்கும் நேரே எழுதலாம், நான் செய்ததுபோல மின்னஞ்சலே போதும். வேலை நேரத்தையும் காப்புறுதியையும் எழுத்தில் வாங்குங்கள். சாரதி அனுமதிப்பத்திரம் தேவையில்லை, ஆனால் இருந்தால் கடைக்குப் போக உதவும். மிக அருகிலுள்ள கடை 7 கிலோமீற்றர். மழை மேலங்கியும் தலையில் கட்டும் விளக்கும் கட்டாயம்.

தங்குவதற்கு மட்டும் போகிறவர்களுக்கு: அந்த வருடம் பெரியவருக்கு இரவொன்றுக்கு 4.20, பிள்ளைக்கு 2, இடத்துக்கு 3.50 யூரோ. ஓல்னேயிலிருந்து காரில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர், மூன்று மணி நேரம். தரையில் நெருப்பு மூட்ட முடியாது, ஆகவே பெரிய சோற்றுக் கிடாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு எரிவாயு அடுப்பைக் கொண்டுபோங்கள். மாலையில் பாண் எழுத ஒரு பெண் வந்து கூடாரத்துக்கு முன்னால் பேசாமல் நின்றால், தயவுசெய்து வெளியே வந்து பாருங்கள்.

மிக முக்கியமானது: எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை பேரோ அத்தனையையும் சொல்லுங்கள். படிவத்தைப் பற்றிக் கவலை இருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள். மரம் விழும்போது எண்ணிக்கையில் இல்லாதவரை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

அடுத்த வருடமும் இரண்டு வாரம் போனேன். ஒரு மதியம் அதே சாம்பல் நிற வண்டி வந்து நின்றது. தயா அண்ணை இயந்திரத்தை நிறுத்த முதலே பின்கதவு திறந்தது. நேசன் அண்ணை தொப்பி இல்லாமல் இறங்கினார். அவருக்குப் பேப்பர் இன்னும் கிடைக்கவில்லை, கடையில் கேள்விப்பட்டு அப்பா சொல்லியிருந்தார். நான் குடிலின் ஜன்னலிலிருந்து எழும்பினேன். அவர் என்னிடம் வராமல் நேரே சுவரில் இருந்த தாளிடம் போய், நூலில் தொங்கிய பேனையை எடுத்தார். பின்னாலிருந்து வனிதா அக்கா எங்கள் இடம் இருபத்திரண்டு என்று கத்தினார்.

கட்டத்தில் ஆறு என்று பெரிதாக எழுதிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எண்ணிப் பாரும் பிள்ளை," என்றார். "நான் இஞ்சை இருக்கிறன்."